கணக்கெழுத மறுத்தவர்கள்

2023 தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை கம்மாபுரத்துக்காரர் ஒருவர் என் கவுண்டருக்கு வந்தார். விருத்தாசலத்தில் சிறிய பீங்கான் பட்டறை வைத்திருப்பவர். ஏழெட்டுப் பேருக்கு வாரக்கூலியும் தீபாவளிப் பணமும் கொடுக்க வேண்டும். காசோலையை நீட்டினார். எனக்கு எதிரே இருந்த திரையில் அவருடைய கணக்கு முடங்கிக் கிடந்தது. "ஐயா, சிஸ்டம் விடமாட்டேங்குது" என்றேன். என் அப்பாவுக்குத் தெரிந்தவர். வங்கியில் மற்ற எல்லோரையும் சார் என்பவர், என்னை மட்டும் தம்பி என்பார். "யாரு தம்பி நிறுத்துனது?" என்று கேட்டார். மறுபடியும் சிஸ்டம் என்றுதான் சொன்னேன்.

நிறுத்தியது நான். இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை மத்தியானம், வரி அலுவலகம் ஒன்றிலிருந்து எங்கள் மேலிடம் வழியாக ஒரு உத்தரவு வந்தது. சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 79ஆம் பிரிவின்படி, பாக்கி வைத்திருப்பவரின் பணம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்தே வரி அலுவலர் வசூலித்துக் கொள்ளலாம். பணம் எங்களிடம் இருந்தது. மேலாளர் உத்தரவைக் கணினியில் அனுப்பினார், கணக்கு எண்ணைப் போட்டு முடக்கத்தைப் பதிந்தவன் நான். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தில் பெயரைப் படித்தேன், ஆள் யாரென்று தெரிந்தது, தெரிந்தும் அடுத்த வேலைக்குப் போனேன்.

இலக்கியப் பத்திரிகையில் எழுத இது ஒரு விஷயமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஒருவர் கேட்டும்விட்டார். அவர் கவிஞர், நல்ல கவிஞர். வரி என்றால் கவிதை வரியை மட்டும் அறிவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். எலியட் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் உட்கார்ந்திருந்ததையும், காப்கா பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு ஆபீஸில் கோப்பு எழுதியதையும் இந்த நண்பரே என்னிடம் பலதடவை சிலாகித்திருக்கிறார். ஆபீஸ் என்பது அவருக்கு எழுத்தாளன் தப்பிவந்த இடம். எனக்கு அப்படியில்லை. நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். புதுமைப்பித்தனின் சொந்தப் பெயரே எங்கள் தாலுகாவின் பெயர், அவர் தந்தையார் தாசில்தார். நம்முடைய வசனம் கச்சேரித் தாழ்வாரத்திலிருந்து வெகுதூரத்தில் பிறந்துவிடவில்லை.

அன்று நான் உச்சரித்த வாக்கியத்தை ஒரு விமர்சகனாக எடுத்துப் பார்த்தேன். விமர்சகனாகப் பார்ப்பது சுலபம், வலி குறைவு. "சிஸ்டம் விடமாட்டேங்குது." எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. எழுவாய்க்கு விருப்பமும் பிடிவாதமும்கூட இருக்கின்றன. பிசாசு விடமாட்டேன் என்கிறது என்பதைப் போன்ற வாக்கியம். இதே செய்தியை எழுத்தில் சொல்லும்போது எழுவாய் காணாமல் போய்விடுகிறது: கணக்கு முடக்கப்பட்டுள்ளது. பதிவு ரத்து செய்யப்பட்டுள்ளது. அறிவிப்பு பதிவேற்றப்பட்டுள்ளது. தமிழில் செயப்பாட்டு வினை பேச்சில் அருகி வருவது. என் பாட்டி வாழ்நாள் பூராவும் அதை உபயோகித்து நான் கேட்டதில்லை. சோறு அவளால் சமைக்கப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. அரசாங்கத் தமிழோ அதில்தான் குடியிருக்கிறது. மொழிநடைக் குறை என்றே வெகுநாள் இதைக் கேலி செய்துவந்தேன். இப்போது அதை ஒரு ஒளிவிடமாகப் பார்க்கிறேன், நானும் உள்ளேதான் இருக்கிறேன்.

என் தாத்தா கர்ணம். விருத்தாசலம் தாலுகாவில் ஒரு கிராமத்துக்கு. பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கும். அவருக்குப் புதுவருஷம் அன்றுதான் என்று பாட்டி சொல்வாள். அடங்கலில் எந்தச் சர்வே நம்பரில் யார் என்ன பயிர் வைத்தார்கள், விளைந்ததா சாவியா என்று எழுதுவார். சாவி என்று எழுதினால் வஜாவுக்கு வழி பிறக்கும், கிஸ்தி குறையும். ஜமாபந்தியில் அந்தக் கணக்கை மேலதிகாரி ஒத்துப்பார்ப்பார் என்பது ஏற்பாடு. அவரும் பெரும்பாலும் தாத்தாவின் எழுத்தைத்தான் பார்ப்பார், வயலைப் பார்ப்பதில்லை. ஆக ஒரு குடும்பம் அந்த வருஷம் வீட்டு ஓட்டை மாற்றுமா, பெண்ணைக் கட்டிக்கொடுக்குமா என்பதெல்லாம் அவருடைய பேனா முனையில் சிறிது நேரம் தயங்கி நின்றிருக்கிறது. மழை பொய்த்த ஒரு வருஷம், கேட்காமலே ஒரு தெரு முழுக்கச் சாவி எழுதினார் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இன்னொன்றையும் கேட்டிருக்கிறேன். அது பாட்டி கடைசிக் காலத்தில் சொன்னது. காலனியில் ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாக உழுத நிலம். ஒரு வருஷம் அடங்கலில் சாகுபடி செய்தவர் பெயர் மாறியது. பெயரை மாற்ற ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். போகும்போது கூடத்தில் ஒரு மூட்டை நெல் இருந்தது. அவ்வளவுதான். அந்தக் குடும்பம் பிறகு நெய்வேலிப் பக்கம் கூலிக்குப் போய்விட்டது. தெரு முழுக்கச் சாவி எழுதிய அதே கை, அதே மசிக்கூடு. பஞ்சமி நிலங்கள் தமிழ்நாடு முழுக்கக் கைமாறியதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் வருவதற்கு முன் நடந்தது, நல்ல கையெழுத்தில் நடந்தது. பழைய கணக்குப்பிள்ளையின் மனிதத்தன்மையைப் பற்றி யாராவது உருக ஆரம்பித்தால் அந்த நெல்மூட்டை எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

அதற்கும் முன்னால் போனால் உருகுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்வது பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போடப்பட்டு, 1855ல் அறிக்கை தந்தது. மன்ரோவின் ரயத்துவாரி முறை சர்க்காருக்கும் குடியானவனுக்கும் இடையில் ஜமீன்தார் வேண்டாம் என்றது. நேருக்கு நேர் என்றது. நேருக்கு நேர் நின்றவன் தாசில் சேவகன். அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. ஒன்று கிட்டி: இரண்டு கோலுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. மற்றது அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் விடுவது. வரி வாங்குபவனுக்கு முகம் இருந்த காலம் அது. அவன் முகத்தைப் பார்த்துக் கெஞ்சலாம்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசாங்கம் ஒரே அவசரச் சட்டத்தில் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. பரம்பரையாகப் பிடித்துவைத்திருந்த மணியமும் கர்ணமும் போய், தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982ல் ஒழிப்பு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தாத்தா அந்தத் தீர்ப்பைச் சாகும்வரை மன்னிக்கவில்லை. நான் அந்தச் சட்டத்தின் பக்கம். அவரிடம் சொல்லத் தைரியம் வந்தபோது அவர் இல்லை.

இன்றைக்குப் பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் எடுக்கலாம். யார் வீட்டுத் திண்ணையிலும் நிற்கவேண்டாம். கைம்பெண் ஒருத்தி பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்துத் தன் சிட்டாவை வாங்கிக்கொண்டு, நேரே எங்கள் வங்கிக்கு நகைக்கடனுக்கு வருவதை வாரத்தில் நாலு நாள் பார்க்கிறேன். இதன் அருமை, திண்ணையில் நின்றவர்களுக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களின் பேரனுக்கு யோசித்தால் தெரியும்.

நிலவரி இப்போது பேருக்குத்தான். அரசாங்கம் நடப்பது விற்பனையின்மேல் போடும் வரியில். அதற்கும் ஒரு விசித்திரமான பிறப்பு உண்டு. 1937ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி மந்திரிசபை, கள்ளில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் பொதுவான விற்பனை வரி முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். அந்தக் குழந்தை வளர்ந்து, 1959ல் புதுச் சட்டமாகி, 2007ல் மதிப்புக்கூட்டு வரியாகி, 2017 ஜூலை முதல் தேதி அகில இந்திய சரக்கு சேவை வரியில் கரைந்துவிட்டது. குடிக்கிற சாராயம் மட்டும் அந்த வரிக்கு வெளியே, மாநிலத்தின் கையிலேயே நிற்கிறது. எதை ஒழித்ததற்கு ஈடாக ஒரு வரி பிறந்ததோ அது நிலைத்து, ஈடாகப் பிறந்தது கைவிட்டுப் போனது. ராஜாஜி இருந்திருந்தால் இதை ஒரு குட்டிக்கதையாக எழுதியிருப்பார்.

2017க்கு முன் சரக்கு லாரிகள் வணிகவரிச் சோதனைச்சாவடிகளில் நிற்கும். பில்லுக்குள் மடித்த நோட்டு இருக்கும். நான் கல்லூரியில் பி.ஏ. படித்தபோது விடுமுறையில் ஒரு பட்டறைக்குக் கணக்கெழுதப் போனேன், நோட்டை எப்படி மடிக்கவேண்டும் என்று டிரைவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: நம்பர் தெரியக்கூடாது, நிறம் தெரியவேண்டும். அந்தச் சாவடிகள் இப்போது இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் மின்வழிச் சீட்டு, அதில் லாரி நம்பர், தூரம், எத்தனை நாள் செல்லும் என்ற கணக்கு எல்லாம் யந்திரம் போட்டுவிடுகிறது. விற்றவன் எழுதிய பில்லும் வாங்கியவன் கேட்கும் வரவும் எங்கேயோ ஒரு சேமிப்புக் கிடங்கில் தானாகச் சந்தித்துப் பொருந்துகின்றன அல்லது பொருந்தாமல் போகின்றன. லஞ்சம் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அது இடம் பெயர்ந்திருக்கிறது. இருந்தாலும் மடித்த நோட்டின் காலம் முடிந்ததில் எனக்குச் சந்தோஷமே.

எங்கள் ஊர்த் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலத்தில் களிமண்ணைப் பிசைந்து அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் வேகவைத்து எடுக்கிறார்கள். பொம்மை, ஜாடி, மின்சாரத்துக்குப் பியூஸ் கட்டை, இன்சுலேட்டர், கார்த்திகைக்கு அகல். மண் அகலுக்கு வரி கிடையாது. மின் இன்சுலேட்டருக்கு 18 விழுக்காடு. நடுவிலே பொம்மை இருக்கிறது: 2025 வரை களிமண்ணில் செய்த சாமி சிலைக்கு ஒரு விகிதம், பீங்கான் அலங்காரப் பொம்மைக்கு வேறு என்று இருந்தது. ஆக வார்த்தெடுத்த பிள்ளையார், சாமியா அலங்காரமா, மண்ணா பீங்கானா என்று யாராவது தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண். எண்ணைப் போட்டால் விகிதம் வரும். வகைப்படுத்தல் என்பது விமர்சகனின் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வசனமா கவிதையா என்று நம் பத்திரிகைகள் வருஷக்கணக்கில் சண்டை போட்டன. அந்தச் சண்டையில் தோற்றவர் யாரும் 18 விழுக்காடு கட்டவேண்டி வரவில்லை.

மாதமோ மூன்று மாதமோ ஒருமுறை நமூனா தாக்கல் செய்யவேண்டும். விற்பனை ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டும். சொல்லத் தாமதித்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய். 2020 ஜூனிலிருந்து இந்த 'ஒன்றுமில்லை'யைக் கைபேசிக் குறுஞ்செய்தியிலேயே அனுப்ப வழி செய்தார்கள். 2021ல் அந்த அபராதத்துக்கு உச்சவரம்பும் வைத்தார்கள், ஒரு நமூனாவுக்கு 500 ரூபாய். செய்த திருத்தங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இருந்தும் மழைக்காலத்தில் சூளை பற்றவைக்காமல், ஈரமண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன், தன்னிடம் ஒன்றுமில்லை என்று அரசாங்கத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவன் என்பதில் ஏதோ ஒன்று என்னை உறுத்துகிறது. அடங்கலில் சாவி என்பதை வேறொருவர் வந்து பார்த்து எழுதினார். இங்கே அவனே தன் சாவியை எழுதிக் கையொப்பமிட வேண்டும், தேதி தவறாமல்.

கம்மாபுரத்துக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வரி கட்டாதவரல்ல. மூலப்பொருள் வாங்கியபோது வியாபாரியிடம் வரியும் சேர்த்துக் கொடுத்துவிட்டார், பில் வைத்திருக்கிறார். அதை விற்ற வியாபாரி நமூனா தாக்கல் செய்யவில்லை. விற்றவன் சர்க்காருக்குக் கட்டினால்தான் வாங்கியவனுக்கு வரவு என்பது சட்டம். 2022லிருந்து விற்றவனின் பில் இணையப் பட்டியலில் தெரிந்தால்தான் வரவையே எடுக்கலாம். ஒருவன் செய்யாததற்கு இன்னொருவன் பொறுப்பு. 2021ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதேமாதிரி ஒரு வழக்கில், வாங்கியவரிடம் வருமுன் விற்றவரை ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டு உத்தரவை ரத்து செய்தது. நீதிபதிக்குத் தோன்றியது கணினிக்குத் தோன்ற வழியில்லை. அதனிடம் இரண்டு எண்கள் இருந்தன, பொருந்தவில்லை.

அறிவிப்பு எங்கே வந்தது? இணையதளத்தில். அங்கே ஏற்றிவைப்பதும் சட்டப்படி அறிவித்ததாகவே கணக்கு. அவருக்கு நமூனா போட்டுக்கொடுத்த பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். பதிந்திருந்த கைபேசி எண் அவனுடையது. ஆகவே காரணம் கேட்கும் அறிவிப்பு, நினைவூட்டல், கடைசி உத்தரவு மூன்றும் யாரும் திறக்காத ஒரு அறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இணையத்தில் ஏற்றினாலே அறிவித்ததாகுமா என்ற கேள்வியோடு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனவர்கள் ஏராளம். மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. காப்காவைப் படித்தவர்கள் இதை உடனே காப்கா என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்லத் தயக்கம். காப்காவில் கதவுக்கு முன்னால் ஒரு காவலாளியாவது நிற்கிறான்.

வருமான வரியில் மத்திய அரசு 2020 ஆகஸ்டில் கொண்டுவந்த முறைக்குப் பெயரே முகமற்ற மதிப்பீடு. மதிப்பிடுபவர் யாரென்று கட்டுபவருக்குத் தெரியாது, கட்டுபவர் முகம் அவருக்கும் தெரியாது. தெரிந்தால் பேரம் வரும் என்பது காரணம். காரணம் சரியானது என்றே நினைக்கிறேன். முகம் பார்த்தால் பேரம் வரும். ஆனால் இரக்கமும் அதே வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. லஞ்சத்துக்கு ஒரு வாசல், இரக்கத்துக்கு ஒரு வாசல் என்று மனித ஏற்பாடுகளில் இருந்ததில்லை. என் தாத்தாவுக்கு ஒரே திண்ணைதான். நெல்மூட்டையும் அங்கேதான் இறங்கியது, சாவி எழுதச் சொல்லி அழுதவர்களும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். அந்த வாசலைச் சுவர்வைத்து அடைத்தது தவறு என்று என்னால் சொல்லமுடியவில்லை. அடைத்த சுவரின் உட்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது என் கேள்வி.

யாருமில்லை என்பது கவிஞர் நண்பரின் பதில். அவர் இதைக் கொண்டாடுகிறார். சாதி பார்க்காத, தெரு பார்க்காத, கை நீட்டாத ஒன்று கடைசியில் வந்துவிட்டது. உனக்கு ஏன் இந்தப் புலம்பல், கர்ணத்தின் பேரன் என்பதாலா என்று கேட்டார். கடைசிக் கேள்வியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் யாருமில்லை என்பது பொய். ஆட்கள் முன்னாலிருந்து பின்னால் போயிருக்கிறார்கள். இன்சுலேட்டருக்கு எந்த எண் என்று எழுதியவர் ஒருவர், இருபது ரூபாய் என்று முடிவு செய்தவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தவர்கள் என்று வரித்துறை ஆயிரக்கணக்கான பெற்றோரைக் குற்றம்சாட்டிக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டது. சந்தேகப் பட்டியலைத் தயாரித்ததில் கணினிக்குப் பங்கிருந்தது, அந்தக் கணினிக்கு டச்சுக் குடிமகனா இல்லையா என்பது ஒரு அடையாளமாகச் சொல்லித்தரப்பட்டிருந்தது. குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. யந்திரம் தெரு பார்க்காது என்பது, தெருப் பெயரை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்காதவரை உண்மை. சொல்லிக்கொடுத்தவன் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை என்பதுதான் என் தாத்தாவின் அடங்கலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். அடங்கலில் திருட்டு இருந்தது, திருடன் கையெழுத்தும் கீழே இருந்தது.

2019ல் மத்திய நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் பிசிராந்தையாரின் யானைப் பாட்டைச் சொன்னார். அறிந்து வரி வாங்கும் அரசனைப் பற்றிய புறநானூற்றுப் பாட்டு, தமிழர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த உவமையில் பிடித்தது வேறு. யானை வயலில் இறங்கிவிட்டால் ஓடிப்போய் யாரை அழைப்பது என்று குடியானவனுக்குத் தெரியும், பாகன் என்று ஒருவன் உண்டு.

எங்கள் விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலில் 1429ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. விஜயநகர ஆட்சி, இரண்டாம் தேவராயர் காலம். இதே வருஷத்தில் கொறுக்கை, ஆடுதுறை, எலவானாசூர் என்று பல ஊர்களில் இதோடு சேர்த்துப் படிக்கவேண்டிய கல்வெட்டுகள் உண்டு. நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வலங்கை 98, இடங்கை 98 என்று எப்போதும் அடித்துக்கொண்ட இரு பிரிவாரும் அந்த வருஷம் ஒன்றுகூடினார்கள். வரி அநியாயமாகப் போய்விட்டது, அரசு அதிகாரிகளும் சீவிதக்காரர்களும் வதைக்கிறார்கள், காணியாளர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கொறுக்கையில், விளைவுக்குத் தக்க நியாயமான வரியை மட்டுமே கட்டுவது என்று முடிவு செய்தார்கள். விருத்தாசலத்து முடிவு வேறொரு திசையில் போகிறது: நம்மில் யாரும் அவர்களுக்குப் புகலிடம் தரலாகாது, நம்மில் யாரும் அவர்களுக்குக் கணக்கு எழுதலாகாது. மீறுபவன் நாட்டுக்குத் துரோகி, அவனைக் குத்திவிடலாம்.

இதை முதலில் ஒரு புத்தகத்தில் படித்து, பிறகு அந்தக் கோயில் பிரகாரத்தில் நின்று கல்லைப் பார்த்தபோது (எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை) என் உடம்பு சற்று நடுங்கியது. அவர்கள் ஈட்டியை எங்கே குறி வைத்தார்கள் பாருங்கள். அதிகாரியின் வாள்மீதோ குதிரைமீதோ அல்ல, எழுத்தாணிமீது. கணக்கன் எழுதாவிட்டால் வரி இல்லை. எந்த அரசனுக்கும் ஊரில் ஒரு கை வேண்டியிருந்தது, எழுதத் தெரிந்த கை. அந்தக் கை மறுக்கக்கூடியது. மறுக்கக்கூடியது என்பதாலேயே இரண்டு பக்கத்திலிருந்தும் மிரட்டப்பட்டது. எழுதினால் ஊர் குத்தும், எழுதாவிட்டால் அதிகாரி. கணக்கன் நிம்மதியாக இருந்த பதவி அல்ல அது. ஆனால் அவன் எழுதுவதோ எழுதாமலிருப்பதோ ஒரு செயல் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தன.

மெல்வில் 1853ல் எழுதிய பார்ட்டில்பி கதையில் வக்கீல் ஆபீஸில் நகலெடுக்கும் குமாஸ்தா ஒருநாள் மரியாதையாக மறுத்துவிடுகிறான். காரணம் சொல்வதில்லை. நம் வட்டாரத்தில் அந்தக் கதைக்கு மவுசு அதிகம், தனிமனிதனின் மௌனக் கலகம் என்று நானே எங்கோ எழுதியிருக்கிறேன். மெல்வில் பிற்பாடு, 1866லிருந்து, நியூயார்க் துறைமுகத்தில் சுங்க இன்ஸ்பெக்டராகப் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. மறுப்பவனைப் படைத்தவர் மறுக்காமல் வரி வசூலித்தார். அதில் எனக்குக் கேலி இல்லை. விருத்தாசலத்துக் கணக்கர்கள் மறுத்தது கூடிப்பேசி, ஊர் பின்னால் நிற்க. பார்ட்டில்பி தனியாக மறுத்து ஜெயிலில் சாகிறான். நான் தனியாளும் அல்ல, கூடினவனும் அல்ல. பென்ஷன் திட்டத்தில் சேர்ந்தவன்.

நான் மறுத்திருக்க வேண்டுமா? இதைப் பலநாள் யோசித்தேன். மறுத்திருந்தால் அடுத்த மேஜைக்காரர் போட்டிருப்பார். உத்தரவைச் செயல்படுத்தாத வங்கியே பாக்கிதாரராகிவிடும் என்று அதே 79ஆம் பிரிவு சொல்கிறது. அது பயம் சார்ந்த பதில். பயம் இல்லாவிட்டாலும் மறுத்திருப்பேனா என்றால், இல்லை. வரி கட்டக்கூடாது என்பது என் கட்சியல்ல. தோரோ 1846ல் தலைவரி கட்டாமல் ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்தார். அவர் மறுத்தது அடிமைமுறைக்கும் மெக்ஸிகோ யுத்தத்துக்கும் பணம் கொடுக்க. கம்மாபுரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் தங்கைக்குப் பிரசவம் ஆனது, நான் படித்த பள்ளிக்கூடத்தில் மத்தியானம் முட்டை போட்டார்கள். அந்தக் காசு வானத்திலிருந்து விழவில்லை. வரி வாங்கப்படவேண்டும், வாங்கும் ஏற்பாட்டில் நான் ஒரு கை.

ஆனால் மறுப்பதற்கும் சிஸ்டம் என்று சொல்வதற்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் பெயரைப் படித்தபோது அவருக்குப் போன் செய்திருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை; உத்தரவின் நகல் அவருக்கும் சேரவேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வரை இரண்டு நாள் கிடைத்திருக்கும். கூலிக்கு வேறு ஏற்பாடு செய்திருப்பார், ஆடிட்டரைப் பார்த்திருப்பார். கவுண்டருக்கு வந்தபோது, "நான்தான் போட்டேங்க, இன்ன ஆபீஸிலிருந்து இன்ன உத்தரவு, இங்கே போய்க் கேளுங்க" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவிடாமல் எந்த யந்திரமும் என் வாயைப் பிடிக்கவில்லை. முகமற்றதாக ஆனது வரி ஏற்பாடு மட்டுமல்ல. எனக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதைத்தான் இத்தனை பக்கம் சுற்றிவந்து சொல்கிறேன். தாத்தாவுக்கு இந்தச் சௌகரியம் கிடைத்ததில்லை. நிலத்தை இழந்த அந்தக் குடும்பத்துப் பெரியவர் வாசலில் வந்து நின்று, நீ எழுதினாயா என்று கேட்டபோது, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் என்று பாட்டி சொன்னாள். அதில் நாணமோ வருத்தமோ இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆமாம் என்றார்.

அந்தத் தீபாவளிக்கு அவர் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தார். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு முடியச் சில நாள் பாக்கி இருந்தது அதிர்ஷ்டம். ஆடிட்டர் பத்து விழுக்காடு கட்டவைத்து மனுப் போட்டார். மீதிக்கான வசூல் நின்றது, முடக்கத்தை நீக்கும் கடிதம் வந்தது. அதையும் நான்தான் பதிந்தேன். மூலப்பொருள் விற்ற வியாபாரி என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

தைமாதம் பணம் எடுக்க வந்தார். கூட்டமில்லை. சொல்லிவிட்டேன்: "ஐயா, அன்னிக்குக் கணக்கை நிறுத்துனது நான்தான்." அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் தம்பி. அன்னிக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்தியே, அதுலயே உன் நம்பர் இருந்துச்சு. ஆடிட்டர்தான் காட்டுனாரு" என்றார். பிறகு சீட்டை ஜன்னலுக்கடியில் தள்ளிவிட்டு, இருநூறு ரூபாய்த் தாளாகக் கொடுக்கச் சொன்னார்.